இன்னொருதடவை அக்கா இடம் தேர்ந்த கதை

ஐயம் பிறந்த இடத்தில் கூசாமல் கேட்பது ஓர் அறம். ஈகைக்கும் பொறைக்கும் வாய்த்த பெரும்பெயர் அதற்கு வாய்க்கவில்லை. அவைகளில் அதைப் பற்றி யாரும் சொற்பொழிவு ஆற்றுவதும் இல்லை. அறியாமையை மறைத்துக்கொள்ள மனிதர்க்கு வழிகள் பல உண்டு. தலையை ஆட்டலாம், புன்னகைக்கலாம், காதில் விழுந்ததைப் போலவே எதையோ குறித்துக்கொள்ளலாம். அவ்வழிகளெல்லாம் திறந்து கிடக்க, 'எனக்கு விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்' என்று வாய்விட்டுக் கேட்பவர், தம் பெருமையைச் சற்றே கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பிறர் உயிரைக் கையில் ஏந்துகிறார்.

அந்த அறத்தைப் பதினான்கு ஆண்டுகள் நோயாளர் கட்டில்களுக்கு நடுவே நின்று காத்தவள் ஒரு செவிலி. பெற்றோர் இட்ட பெயர் அவள் சான்றிதழ்களில் மட்டும் வாழ்ந்தது. மற்றபடி, மருந்துக்கடைக்காரர் முதல் துப்புரவு செய்யும் அம்மாள் வரை எல்லாரும் அவளை 'இன்னொருதடவை அக்கா' என்றே அழைத்தனர்.

அப்பெயரை இட்டவர் அவள் பணிசெய்த சிறிய மருத்துவமனையின் உரிமையாளரான முதிய மருத்துவர். ஒரு மழைநாளில் அவர் வீட்டிலிருந்து தொலைபேசியில் ஒரு மருந்தின் அளவைச் சொன்னார். அவளோ, "இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்றாள். சொன்னார். அதை எழுதி, எழுதியதை அவருக்கே படித்துக் காட்டிவிட்டு, "கடைசியா இன்னொரு தடவை" என்றாள்.

"நான் கல்யாணம் பண்ணி நாப்பது வருஷம் ஆச்சு. என் வீட்டம்மாகிட்ட கூட ஒரு விஷயத்தை மூணு தடவை சொன்னதில்லம்மா."

"அவங்களுக்கு நீங்க ஊசி போடச் சொல்லியிருக்க மாட்டீங்க டாக்டர்."

மறுமுனையில் மழைச்சத்தத்தையும் மீறி ஒரு சிரிப்பு கேட்டது. மறுநாள் முதல் அந்தப் பெயர் நிலைத்தது.

இப்போது அந்த முதியவர் மகன் வீட்டோடு போய் இருக்க முடிவெடுத்துவிட்டார். பதினான்கு கட்டில்கள் கொண்ட அந்த மருத்துவமனை மாத முடிவில் மூடப்படவிருந்தது. ஊழியர் அறுவரையும் கூட்டி அவர் செய்தியைச் சொன்னபோது, அவள் வழக்கம்போல் இன்னொருமுறை கேட்கவில்லை. அன்று மட்டும் அவளுக்கு முதல்முறையே தெளிவாகக் கேட்டுவிட்டது.

அவளுக்கு இரண்டிடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று, பெருஞ்சாலையில் பத்து மாடிகளோடு நின்ற கண்ணாடிக் கட்டடம். அவள் கணவனின் அக்காள் அங்கேதான் வரவேற்பு மேசையில் பணிபுரிந்தாள். அழைப்பு வருமாறு செய்தவளும் அவளே. மற்றொன்று, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த செங்கல் கட்டடம். மாடிப்படியின் கைப்பிடி பலர் கை பட்டு வழவழத்துப் போன பழைய மருத்துவமனை அது. சம்பளம் கண்ணாடிக் கட்டடத்தில் கூடுதல் என்பதைக் குழந்தையும் சொல்லிவிடும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் நாத்தனார். "எங்க லிஃப்டுக்குள்ள பாட்டு போடுவாங்க. அந்தச் செங்கல் ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள்ள ஏறினா சாமிதான் கும்பிடணும்."

"நான் படியில ஏறிக்கறேன் அண்ணி."

"பாத்தியாடா உன் பொண்டாட்டிய?" என்று நாத்தனார் தம்பியிடம் முறையிட்டாள். பள்ளிப்பேருந்து ஓட்டுபவனான தம்பி, சீருடைச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தான். "ரெண்டையும் பாத்துட்டு வரட்டும் அக்கா. நானும்தான் வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக்க மிதிச்சுப் பாப்பேன்" என்றான்.

அவள் மனத்தில் இருந்த அச்சம் சம்பளத்தைப் பற்றியதும் அன்று, மின்தூக்கியைப் பற்றியதும் அன்று. அதை அவள் கணவனுக்கு மட்டுமே சொல்லியிருந்தாள். படிப்பு முடித்து முதன்முதலாகச் சேர்ந்த இடத்தில், ஒரு மருந்தின் அளவை மறுபடி கேட்டதற்காக வார்டே திரும்பிப் பார்க்க அவளை ஒருவர் திட்டிவிட்டார். அன்று தொடங்கி ஒன்பது நாள் அவள் எவரிடமும் எதையும் கேட்கவில்லை. கொடுத்ததைக் கொடுத்தாள், சொன்னதைச் செய்தாள். அந்த ஒன்பது நாளில் இருமுறை, ஏறிய பேருந்திலிருந்து பாதிவழியில் இறங்கி, திரும்ப ஓடிவந்து, தான் கொடுத்த மாத்திரை சரிதானா என்று பார்த்தாள். இருமுறையும் சரியாகவே இருந்தது. ஆயினும் பத்தாம் நாள் அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள். கேட்பதை ஏளனம் செய்யும் இடத்தில் ஆறு மாதம் இருந்தால் தான் கேட்காதவளாக மாறிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

ஆகவே, வேலை கேட்கப் போகிறவர் பெரும்பாலும் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். இரண்டிடங்களிலும் நேர்முகத்துக்குப் பிற்பகல் ஒன்றரை மணியைக் கேட்டு வாங்கினாள். இரண்டு மணிக்குக் காலை டியூட்டி முடிந்து மாலை டியூட்டி தொடங்கும். போகிறவள் வருகிறவளிடம் நோயாளிகளை ஒப்படைப்பாள். அதைச் செவிலியர் 'ஓவர் கொடுப்பது' என்பர். ஒரு மருத்துவமனையின் முகப்பைப் பூச்செடிகளால் அழகுபடுத்தலாம். ஓவர் கொடுக்கும் அந்த அரைமணியை எவராலும் அலங்கரிக்க முடியாது.

புதன்கிழமை கண்ணாடிக் கட்டடம். அதிகாரி கனிவானவர். சான்றிதழ்களைப் புரட்டி மகிழ்ந்து, வழக்கப்படி, "ஏதாவது கேக்கணுமா?" என்றார். இந்த வினாவுக்கு 'இல்லை சார்' என்பதே உலகெங்கும் விடை. அவளோ கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். அதில் ஏழு கேள்விகள் இருந்தன. ஒரு செவிலிக்கு எத்தனை நோயாளிகள், அவள் சாப்பிடப் போகும்போது அவர்களை யார் பார்ப்பார், ஆள் வராத நாளில் என்ன செய்வீர்கள் என்பவற்றுக்கு அவர் விடை சொன்னார். நான்காவது கேள்வி, 'டாக்டர் எழுதியதில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது?' என்பது. அவர் புருவத்தை உயர்த்தி, "எங்க டாக்டர்கள் தெளிவாத்தான் எழுதுவாங்க" என்றார். ஐந்தாவதை அவள் கேட்கவில்லை. தாளை மீண்டும் நான்காக மடித்தாள்.

வார்டைப் பார்க்க நாத்தனார் ஏற்பாடு செய்திருந்தாள். அங்கே தரை முகம் பார்க்கும் அளவுக்கு மின்னியது. சரியாக இரண்டு மணிக்கு, கணினித் திரையைச் சுற்றி நான்கு செவிலியர் நின்றனர். இன்சார்ஜ் சிஸ்டர் திரையைப் பார்த்து வாசிக்கலானாள். இருபத்திரண்டு நோயாளிகள், ஏழு நிமிடம். பதினோராம் கட்டிலுக்கான இன்சுலின் அளவை அவள் சொன்னபோது, தள்ளுவண்டி ஒன்று தடதடத்துக் கடந்தது. கட்டில் எண்ணும் மருந்தின் பெயரும் காதில் விழுந்தன. அளவு மட்டும் வண்டியோடு போய்விட்டது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இளம்செவிலியின் பேனா ஒரு நொடி நின்று, பிறகு எதையோ எழுதியது.

"இன்னொரு தடவை சொல்லுங்க சிஸ்டர்."

சொன்ன பிறகுதான், சொன்னவள் தானே என்று அவளுக்கு உறைத்தது. அங்கே அவள் செவிலியும் அல்லள், நோயாளியும் அல்லள். கைப்பையோடு சுவரோரம் நிற்கும் விருந்தாளி. நான்கு தலைகளும் திரும்பின. இன்சார்ஜ் சிஸ்டர் கோபப்படவில்லை. "எல்லாம் சிஸ்டத்துல இருக்குங்க. தேவைப்பட்டா பாத்துக்குவாங்க" என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போனாள். இளம்செவிலி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆயினும் அவர்கள் அவளை வேண்டாமென்று சொல்லவில்லை. பதினான்கு ஆண்டு அனுபவம் எளிதில் கிடைப்பதில்லை. அன்று மாலையே பணி ஆணை அவள் கைக்கு வந்தது. சனிக்கிழமை நண்பகலுக்குள் கையெழுத்திட்டுத் தரவேண்டும். வாசலில் நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒரு பத்து நிமிஷத்துக்கு உன் வாய்க்கு ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கக் கூடாதா? என் மானமே போச்சு."

"தன்னால வந்துடுச்சு அண்ணி."

"வெள்ளிக்கிழமை அங்கயும் போகத்தான் போற, எனக்குத் தெரியும். அங்கயாவது வாயைத் திறக்காத. ரெண்டு எடத்துலயும் பேரைக் கெடுத்துக்காத. எனக்கு சத்தியம் பண்ணு."

நாத்தனார் கெட்டவள் அல்லள். தம்பி குடும்பம் நன்றாக இருக்கவேண்டும் என்பதே அவள் கவலை. அது தெரிந்ததால் அவளும் சத்தியம் செய்தாள்.

வெள்ளிக்கிழமை செங்கல் கட்டடம். மேட்ரன் வேறொரு வேலையில் இருந்ததால் நேர்முகம் வார்டிலேயே நடந்தது. நாற்காலியின் ஒரு கால் குட்டை. மடித்த அட்டைத்துண்டு அதைத் தாங்கியது. இன்சார்ஜ் சிஸ்டர் பருத்த உடலும் மெதுவான நடையும் கொண்டவள். காதில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள். "ரெண்டு மணி ஆகப் போகுது. பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம். வாங்க, கூடவே வாங்க" என்று எழுந்தாள்.

இங்கே ஓவர் கட்டில் கட்டிலாக நடந்தது. போகிறவளும் வருகிறவளும் நோயாளியின் இருபுறமும் நின்றனர். ஒருத்தி சொன்னதை மற்றவள் திருப்பிச் சொன்னாள். இடையிடையே நோயாளிகளும் தம் பங்குக்குத் திருத்தம் சொன்னார்கள். "காலைல ஊசி போட்டது வலது கையில இல்லம்மா, இடது கையில" என்றார் ஒருவர். "என்னைவிட உங்க கை உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று சொல்லிச் செவிலி தான் எழுதியதை அடித்துத் திருத்தினாள். இன்னொருதடவை அக்காவுக்கு நெஞ்சு இளகிற்று. ஆனால் சத்தியம் நினைவில் இருந்தது. உதடுகளைச் சேர்த்து மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

நான்காம் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. "நிமிஷத்துக்கு இருபது சொட்டு" என்றாள் போகிறவள். "நிமிஷத்துக்கு இருபது சொட்டு" என்றாள் வருகிறவள். இன்னொருதடவை அக்காவின் கண் தானாகவே சொட்டுக்குழாய்க்குச் சென்றது. சேலையில் தலைகீழாகக் குத்தியிருந்த கடிகாரத்தை விரல் தேடியது. பதினான்கு ஆண்டுப் பழக்கம் யார் சத்தியத்துக்கும் கட்டுப்படுவதில்லை. மற்றவர்கள் அவரிடம் நலம் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில் அவள் எண்ணி முடித்தாள். முப்பத்தொன்று.

அவர்கள் ஐந்தாம் கட்டிலுக்கு நகர்ந்தனர். அவளும் நகர்ந்தாள். ஐந்தாம் கட்டிலைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதில் ஒரு சொல்லும் அவள் செவியில் ஏறவில்லை. தான் எண்ணியது தவறாக இருக்கலாம், வேறொருத்தியின் வார்டு, இன்னும் வேலைகூட இல்லை, அண்ணிக்குச் சத்தியம் செய்தாயிற்று. ஆறாம் கட்டிலருகே வந்தபோது, பாதிவழியில் பேருந்தை விட்டு இறங்கி ஓடிய பழைய மூச்சிரைப்பு அவளுக்குள் எழுந்தது. ஒன்பது நாள் சேர்ந்து வந்தது இப்போது மூன்று நிமிடத்திலேயே வந்துவிட்டது. அவள் நின்றாள்.

"சிஸ்டர், அந்த நாலாம் கட்டில். சொட்டுக் கணக்கை இன்னொரு தடவை பாக்கலாமா?"

எல்லாரும் நின்றனர். இன்சார்ஜ் சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எத்தனை எண்ணினீங்க?"

"முப்பத்தொண்ணு."

அந்தப் பருத்த உருவம் உடனே திரும்பி நடந்தது. மற்றவரும் பின்னால் சென்றனர். நான்காம் கட்டிலருகே எல்லார் கண்களும் ஒரு சொட்டுக்குழாய்மேல் நிலைத்தன. தபால்காரர் நடப்பது அறியாமல் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு செய்தித்தாளை விரித்தார். இன்சார்ஜ் சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து உதடசைத்து எண்ணினாள்.

"இருபது" என்றாள்.

அந்தக் கணத்தில் தரை பிளந்து தன்னை வாங்கிக்கொள்ளாதா என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டிடங்களிலும் பெயர் கெட்டுவிட்டது. அண்ணியின் முகம் கண்முன் வந்து நின்றது.

"என்னம்மா, எல்லாரும் என்னையே பாக்கறீங்க? போய்ச் சேர்ந்துட்டேனா?" என்றார் தபால்காரர்.

"இன்னும் இல்ல தாத்தா. உங்க டிரிப்ஸ் கொஞ்ச நேரம் முன்னாடி வேகமா ஓடிச்சாம். கையை அசைச்சீங்களா?"

"அசைக்காம? என் கண்ணாடி கட்டிலுக்கு அடியில விழுந்துடுச்சு. எத்தனை நேரம் கையைத் தொங்கவிட்டுத் தேடினேன் தெரியுமா? நீங்க எல்லாரும் என்கிட்ட நலம் விசாரிச்சீங்களே தவிர, கண்ணாடியை எடுத்துக் குடுக்க ஒருத்தருக்கும் தோணல."

இன்சார்ஜ் சிஸ்டர் அவர் கையை மெல்லப் பற்றிக் கட்டிலுக்குக் கீழே தாழ்த்தினாள். சொட்டுகள் ஒன்றையொன்று துரத்தின. மீண்டும் உதடசைத்து எண்ணி, "முப்பது, முப்பத்தொண்ணு" என்றாள். இளம்செவிலி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்; தபால்காரரும் சிரித்தார்; கடைசியில் பருத்த உருவமும் குலுங்கிற்று. டிரிப்ஸ் ஒரே சீராக ஏற, தபால்காரரின் கைக்கு அடியில் ஒரு தலையணை வைக்கப்பட்டது. ஊசி முனை நகர்ந்துவிட்டதா என்றும் பார்க்கப்பட்டது.

அதன்பின் இன்சார்ஜ் சிஸ்டர் செய்ததுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. காதிலிருந்த பென்சிலை உருவி, சுவரில் கயிற்றில் தொங்கிய தடித்த நோட்டைத் திறந்து, "உங்க பேரு?" என்றாள்.

"என்மேல புகார் எழுதறீங்களா சிஸ்டர்?"

"புகாரா? இது சந்தேக நோட்டும்மா. இந்த வார்டுல யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் இதுல ஏறும். எந்தக் கட்டில், என்ன கேட்டாங்க, யார் கேட்டாங்க, என்ன தெரிஞ்சுது. கேட்டது சரியா தப்பான்னு எழுத இதுல கட்டமே கிடையாது." அவள் பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள். மருத்துவர்களின் பெயர்கள்கூட அங்கே இருந்தன. "மாசக் கடைசியில நான் இதை எடுத்துப் பாப்பேன். யார் பேரு ஒரு தடவைகூட வரலையோ, அவங்களைக் கூப்பிட்டு உடம்பு சரியில்லையான்னு கேப்பேன்."

அவள் தன் பெயரைச் சொன்னாள். சான்றிதழ்களில் மட்டும் வாழ்ந்த அப்பெயர் அன்று பென்சிலால் எழுதப்பட்டது.

"இங்க இன்னும் வேலைக்கே சேரல, நோட்டுல எடம் பிடிச்சுட்டீங்க" என்றாள் இன்சார்ஜ் சிஸ்டர். "ஆனா ஒண்ணு. நாலாம் கட்டில்ல வந்த சந்தேகத்தை ஆறாம் கட்டில் வரைக்கும் தூக்கிட்டு வந்தீங்களே, அது ஏன்?"

"கேக்க மாட்டேன்னு எங்க நாத்தனாருக்கு சத்தியம் பண்ணியிருந்தேன் சிஸ்டர்."

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க. அவங்க பேரையும் எழுதிடலாம்."

குட்டைக்கால் நாற்காலியில் மறுபடி அமர்ந்து, கைப்பையிலிருந்த தாளைப் பிரித்து, ஏழு கேள்விகளையும் அவள் கேட்டாள். நான்குக்கு நல்ல விடை கிடைத்தது. இரண்டுக்குக் கிடைத்த விடை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆள் பற்றாக்குறையை இன்சார்ஜ் சிஸ்டர் ஒளிக்கவில்லை. ஏழாவதற்கு, "தெரியல. கேட்டுச் சொல்றேன்" என்றாள். மூன்றுவிதமான விடைகளில் அவளுக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசி விடைதான்.

சனிக்கிழமை காலை நாத்தனார், கையெழுத்திட்ட ஆணையை வாங்கிப்போக வீட்டுக்கே வந்துவிட்டாள். கையெழுத்திடாத ஆணை, நன்றிக்கடிதத்தோடு உறைக்குள் இருந்தது. செய்தியைக் கேட்டதும் அவள் நாற்காலியில் பொத்தென்று அமர்ந்தாள்.

"லிஃப்டுல பாட்டு போடற எடத்தை விட்டுட்டு, கயித்துல நோட்டு தொங்கற எடமா?"

"ஆமா அண்ணி."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன் அண்ணி."

"இன்னொரு தடவை யோசி."

சொல்லிவிட்டு நாத்தனாரே திகைத்துப் போனாள். தம்பி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். ஆனால் அவன் தோள்கள் குலுங்குவது எல்லாருக்கும் தெரிந்தது. பத்து வயது மகள் மட்டும் ஒளிக்காமல், "அத்தைக்கும் தொத்திக்கிச்சு" என்றாள். நாத்தனார் முறைக்க முயன்று, முடியாமல், காப்பி கேட்டாள்.

அவள் செங்கல் கட்டடத்தில் சேர்ந்து இப்போது ஓராண்டு நிறைகிறது. சம்பளம் குறைவுதான், படியேறி முழங்கால் வலிக்கிறது, ஆள் பற்றாத நாட்களில் சாப்பாட்டு டப்பா மூன்று மணி வரை திறக்கப்படுவதில்லை. ஆனால் வீட்டுக்கு ஏறிய பேருந்திலிருந்து அவள் ஒருநாளும் பாதிவழியில் இறங்கியதில்லை. முதல் மாதத்திலேயே அவள் பெயர் அந்த நோட்டில் பத்தொன்பது முறை ஏறிற்று. இன்சார்ஜ் சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு, உடம்பு மிகவும் நன்றாக இருக்கிறது போலிருக்கிறதே என்று விசாரித்தாளாம்.

வீட்டிலும் இப்போது சமையலறைக் கதவில் கயிற்றில் ஒரு நோட்டு தொங்குகிறது; தொங்கவிட்டவள் மகள். 'அப்பா குழம்பில் உப்புப் போட்டாரா? கேட்டவள்: அம்மா. தெரிந்தது: இரண்டு தடவை போட்டார்' என்று ஒரு பக்கம். 'பேருந்தில் இருபத்தாறு பிள்ளைகளா இருபத்தேழா? கேட்டவர்: அப்பா. தெரிந்தது: ஒன்று சீட்டுக்கடியில் ஒளிந்திருந்தது' என்று மறுபக்கம். சென்ற வாரம் நாத்தனார் வந்து காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு பார்த்தால், புதிதாக ஒரு வரி இருந்தது. 'எங்க ஆஸ்பத்திரியிலும் இந்த மாதிரி ஒரு நோட்டு வைக்கச் சொல்லி யாரிடம் கேட்பது? கேட்டவள்: அத்தை.' தெரிந்தது என்ன என்பதற்குரிய இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அது நிறையும்.

கேட்கும் நாவும் பொறுக்கும் செவியும் அந்த மனையில் என்றும் குறையாதிருக்க. அவள் கை தொட்ட கட்டில்களில் கிடந்தோர் எழுந்து தத்தம் இல்லம் சேர்க. அவளும் நாள்தோறும் நெஞ்சில் ஐயமின்றித் தன் இல்லம் சேர்க. கொண்டவன் ஓட்டும் வழி நேராகுக. மகள் எழுதும் ஏடு நீள்க. நாத்தனார் குடிக்கும் காப்பி ஆறாதிருக்க. அருளுடைய இறைவன் அவ்வீட்டின் கதவருகே நின்று, அவர்கள் வேண்டுவதை ஒருமுறை கேட்டே அருள்க. ஒருகால் செவியில் விழாதாயின், இன்னொரு தடவை கேட்டு அருள்க.